பூட்டானுக்குக் கொக்கு பார்க்கப் போகிறீர்களா?
மூணாறு எஸ்டேட்டில் வளர்ந்தவனுக்குக் குளிர் எம்மாத்திரம் என்ற மிதப்பில்தான் போனேன். மூணாறின் உயரம் சுமார் 1,500 மீட்டர். போப்ஜிகா பள்ளத்தாக்கோ கிட்டத்தட்ட 3,000. அக்டோபர் கடைசியில் திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் வந்து இறங்கும் இடம் அது.

முதல் நாளே பைனாகுலர் காலை வாரிவிட்டது. விடியற்காலையில் கொக்குகளைப் பார்த்துவிட்டு, கணப்பு எரியும் அறைக்குள் அப்படியே நுழைந்தேன். லென்ஸ் முழுக்க ஆவி. அவசரத்தில் துண்டால் துடைத்ததில் கீறல்தான் மிச்சம்.

வெளியிலேயே ஜிப் பையில் போட்டு இறுக மூடி, பிறகு உள்ளே கொண்டுபோங்கள். அரை மணி நேரம் திறக்காதீர்கள். ஈரம் பையின் மேல்தான் படியும். கேமரா பேட்டரி சட்டையின் உள்பையில் இருக்கட்டும், குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கும். பாஸ்போர்ட் இல்லையா? நமக்கு வாக்காளர் அட்டையே போதும்.