புகைப்பட மென்பொருளைத் தேர்வு செய்வது எப்படி? பத்துப் படங்களை வைத்து ஒரு சோதனை

கேமரா வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்பது, "எந்த மென்பொருளில் படங்களைத் திருத்தலாம்?" என்பதுதான். நானும் அங்கேதான் தொடங்கினேன். நிறம், வெளிச்சம், கூர்மை என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து ஒரு மென்பொருளைப் பிடித்துக்கொண்டேன். மூன்று ஆண்டுகள் அதில் மகிழ்ச்சியாகவே வேலை செய்தேன். பிறகு கணினியை மாற்றினேன்.

படக் கோப்புறைகள் அனைத்தையும் வெளி வன்தட்டில் நகலெடுத்து, புதிய கணினியில் அதே மென்பொருளை நிறுவித் திறந்தேன். படங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் எந்தப் படத்துக்கும் தரம் குறிக்கக் கொடுத்த நட்சத்திரம் இல்லை, தேடுவதற்கான குறிச்சொல் இல்லை, செய்த திருத்தமும் இல்லை. ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. முகத்தை மட்டும் நிழலிலிருந்து மெல்ல மீட்டெடுக்க ஒரு மாலை முழுவதும் செலவிட்டிருந்தேன். அது கேமராவிலிருந்து வந்த அன்று இருந்தபடியே, முகம் இருண்டு, திரையில் கிடந்தது. பழைய கணினியின் வன்தட்டை அதற்குள் அழித்துவிட்டிருந்தேன்.

இழந்ததைத் திரும்பச் செய்தபோது நான் வகுத்துக்கொண்ட வழிமுறை இது. திருத்தும் வசதிகளைப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

படி 1: கோப்புறைகள்

ஆண்டுக்கு ஒரு கோப்புறை. அதற்குள் ஒவ்வொரு நாள் எடுத்ததற்கும் ஒன்று: "2024-08-17 ஏரிக்கரை" என்பதுபோல. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகவே அமையும். பறவை, குடும்பம், கட்டடம் என்று பொருள்வாரியாகக் கோப்புறை போடாதீர்கள். ஒரு படம் இரண்டு கோப்புறைகளில் இருக்க முடியாது. ஆனால் ஒரே படத்துக்குப் பத்துக் குறிச்சொற்கள் இருக்கலாம்.

படி 2: பத்துப் படங்கள்

உங்கள் படங்களிலிருந்து ஏழு ரா கோப்புகளையும் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்புகள்) மூன்று ஜேபெக் கோப்புகளையும் தனிக் கோப்புறையில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். ராவில் எடுப்பதில்லை என்றால் இனி எடுங்கள். 8-பிட் ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 நிலைகள்தான். 14-பிட் ராவில் 16,384. இருண்ட பகுதியை வெளிச்சமாக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

ரா கோப்பை எந்த நல்ல மென்பொருளும் மாற்றி எழுதுவதில்லை. "வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இந்த ஓரத்தை வெட்டு" என்று ஒரு செய்முறைக் குறிப்பைத் தனியாக எழுதிவைத்து, படத்தைக் காட்டும்போதெல்லாம் அதைப் பார்த்துத் திரையில் சமைத்துத் தருகிறது. மூலம் பத்திரமாக இருக்கிறது. அப்படியானால் உங்கள் உழைப்பு முழுவதும் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது?

படி 3: குறிப்பு எங்கே எழுதப்படுகிறது?

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, மென்பொருளின் சொந்தத் தரவுத்தளம். கேட்டலாக் என்று சொல்வது இதைத்தான். படங்கள் ஒரு கோப்புறையில் இருக்க, இது பெரும்பாலும் வேறெங்கோ ஒற்றைக் கோப்பாக உட்கார்ந்திருக்கும். படங்களை மட்டும் நகலெடுத்தால் இது வராது. எனக்கு நடந்தது அதுதான். இரண்டாவது, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே இருக்கும் சிறிய துணைக் கோப்பு, அதாவது சைட்கார். மூன்றாவது, படக் கோப்பின் உள்ளேயே எழுதுவது. ஜேபெக்கில் இது வழக்கம்.

துணைக் கோப்புகளில் பெரும்பாலானவை எக்ஸ்எம்பி என்ற வடிவில் இருக்கும். அடோபி நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த இந்த வடிவம் 2012-இல் ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் தரமானது. சாதாரண எழுத்துக் கோப்பு என்பதால் நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம். நீங்கள் கொடுத்த நட்சத்திரமும் குறிச்சொல்லும் அதில் கண்ணெதிரே எழுதப்பட்டிருக்கும். ஒருமுறை திறந்து பாருங்கள். குறிப்பு இருக்கிறது என்ற உறுதி வேறு எதனாலும் வராது.

அடோபியின் லைட்ரூம் கிளாசிக் எல்லாவற்றையும் கேட்டலாக்கில் வைக்கிறது. துணைக் கோப்பும் வேண்டுமென்றால் கேட்டலாக் செட்டிங்ஸ் திறந்து, மெட்டாடேட்டா பகுதியில் "ஆட்டோமேட்டிக்கலி ரைட் சேஞ்சஸ் இன்டு எக்ஸ்எம்பி" என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஏற்கெனவே திருத்திய படங்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அவற்றுக்கும் எழுதிவிடும். ஆனால் கலெக்‌ஷன்களும் (லைட்ரூமுக்குள் படங்களைத் தொகுத்த பட்டியல்கள்) விர்ச்சுவல் காப்பிகளும் (ஒரே படத்துக்கான மாற்றுத் திருத்தங்கள்) எக்ஸ்எம்பியில் ஏறுவதில்லை. முக்கியமான தொகுப்புகளைக் கலெக்‌ஷனாக மட்டும் வைக்காமல், அதே பெயரில் ஒரு குறிச்சொல்லும் கொடுத்துவிடுங்கள்.

ராவைத் திருத்தும் டார்க்டேபிள், தன் தரவுத்தளம், எக்ஸ்எம்பி இரண்டிலும் தானாகவே எழுதுகிறது. அதேபோன்ற ராதெரபி, பிபி3 என்ற தன் சொந்த வடிவில் துணைக் கோப்பு எழுதுகிறது. படங்களை ஒழுங்குபடுத்தும் டிஜிகேமில் செட்டிங்ஸ் பட்டியலிலிருந்து கான்ஃபிகர் டிஜிகேம், அதில் மெட்டாடேட்டா, அதற்குள் சைட்கார்ஸ் என்று போய் எழுதும் வசதியை இயக்கவேண்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு அக்கறை? மென்பொருள்கள் நிலைப்பதில்லை. ஆப்பிளின் அபெர்ச்சர் 2005-இல் வந்தது. இனி வளர்க்கப்போவதில்லை என்று 2014-இல் அறிவித்துவிட்டார்கள். கூகுள் 2016-இல் பிக்காசாவை நிறுத்தியது. இரண்டையும் நேசித்தவர்கள் ஏராளம். படங்கள் நம்மோடு ஐம்பது ஆண்டுகள் இருக்கப்போகின்றன.

படி 4: வெளியேறும் சோதனை

நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் மென்பொருளில் அந்தப் பத்துப் படங்களையும் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரமும் தமிழில் ஒரு குறிச்சொல்லும் கொடுங்கள். ஒன்றைக் கருப்பு வெள்ளையாக்குங்கள், ஒன்றின் ஓரத்தை வெட்டுங்கள். பிறகு மென்பொருளை மூடிவிட்டு, அந்தக் கோப்புறையை மட்டும் ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள்.

சோதனையின் முதல் பாதி: அந்த நகலை வேறொரு மென்பொருளில் திறங்கள். நட்சத்திரங்களும் குறிச்சொற்களும் வந்தாக வேண்டும். திருத்தங்கள் வராது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஒவ்வொரு மென்பொருளும் ராவைப் படமாக்கும் கணக்கு வேறு என்பதால், ஒன்றின் செய்முறை இன்னொன்றுக்குப் பெரும்பாலும் புரியாது. அதனால் முடித்த படங்களைத் தரம் குறையாத 16-பிட் டிஃப் வடிவிலோ முழுத்தர ஜேபெக்காகவோ ஏற்றுமதி செய்து பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாதி: கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் அதே மென்பொருளைத் திறந்து அதே நகலைச் சேருங்கள். இப்போது நட்சத்திரம், குறிச்சொல், திருத்தம் மூன்றுமே திரும்பி வரவேண்டும். கருப்பு வெள்ளைப் படம் வண்ணத்தில் வந்து நின்றால், படி 3-க்குத் திரும்பி அமைப்பைச் சரிசெய்யுங்கள். அப்படியும் வரவில்லை என்றால், அதன் திருத்தும் கருவிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அதைத் தொடமாட்டேன்.

படி 5: என் தேர்வு

ஒழுங்குபடுத்த டிஜிகேம், திருத்த டார்க்டேபிள். இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகின்றன. டார்க்டேபிளைத் திறந்தவுடன் கருவிகளின் எண்ணிக்கை மலைப்பைத் தரும். முதல் மாதம் எக்ஸ்போஷர் (வெளிச்சம்), கலர் கேலிப்ரேஷன் (நிறம்), சிக்மாய்ட் (ஒளி நிழல் சமன்), கிராப் (ஓரம் வெட்டுதல்) ஆகிய நான்கை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலான படங்களுக்கு அவையே போதும்.

கற்றுக்கொள்ள நேரம் குறைவு, சந்தா கட்டுவதில் தயக்கமில்லை என்றால் லைட்ரூம் கிளாசிக் நல்ல தேர்வு. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது, பழகவும் எளிது. சந்தா முடிந்தாலும் கேட்டலாக்கைத் திறக்கலாம், ஏற்றுமதி செய்யலாம். ஆனால் டெவலப் பகுதியில் திருத்த முடியாது. கிம்ப் என்ற படத் திருத்தியை இந்தப் போட்டியில் சேர்க்காதீர்கள். ஒரு படத்திலிருந்து தேவையற்ற கம்பியை அகற்ற அது அருமையானது. ஆனால் ஆயிரம் படங்களை அடுக்கிவைக்க உருவானதல்ல. ராவைத் திறக்கவும் அதற்கு டார்க்டேபிள் அல்லது ராதெரபியின் துணை வேண்டும்.

படி 6: காப்பு நகல்

இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். லைட்ரூம் கிளாசிக் மூடும்போது எடுக்கும் காப்பு நகலில் கேட்டலாக் மட்டுமே இருக்கும், படங்கள் இருக்காது. கேட்டலாக், படங்கள் இரண்டையும் நீங்களே நகலெடுக்கவேண்டும்.

பின்சேர்க்கை 1: டிஜிகேமில் கொடுத்த நட்சத்திரங்கள் டார்க்டேபிளில் தெரியவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அந்தப் படங்கள் டார்க்டேபிளில் முன்பே சேர்க்கப்பட்டிருந்தால், அது தன் தரவுத்தளத்தையே நம்பும். ப்ரிஃபரன்ஸ் பகுதியில் ஸ்டோரேஜ் என்பதற்குள், தொடங்கும்போது மாறிய எக்ஸ்எம்பி கோப்புகளைத் தேடும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை இயக்கிவிட்டு மூடித் திறந்தால், எவை மாறியுள்ளன என்று பட்டியலிட்டுக் கேட்கும். நான் நட்சத்திரத்தை டிஜிகேமில் மட்டுமே கொடுக்கிறேன். ஒரு வேலைக்கு ஓர் இடம் என்றிருந்தால் குழப்பம் வராது.

பின்சேர்க்கை 2: லைட்ரூமிலிருந்து வருபவர்களுக்கு. 4127 என்ற எண்ணுள்ள கேனான் ரா கோப்புக்கு லைட்ரூம் எழுதும் துணைக் கோப்பின் பெயர் "4127.எக்ஸ்எம்பி" என்ற அமைப்பில் இருக்கும். டார்க்டேபிளோ "4127.சிஆர்3.எக்ஸ்எம்பி" என்று நடுவில் ராவின் பின்னொட்டையும் சேர்த்து எழுதும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, இரட்டிப்பாகிவிட்டது என்று எண்ணி ஒன்றை அழித்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை 3: தமிழ்க் குறிச்சொற்கள் பாதியில் வெட்டுப்படுவதாக ஒரு வாசகர் காட்டினார். எக்ஸ்எம்பியில் நீள வரம்பு இல்லை. ஆனால் பல மென்பொருள்கள் ஐபிடிசி என்ற பழைய புலத்திலும் அதே சொல்லை எழுதுகின்றன. அங்கே ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். "திருமணம்" 24 பைட்டில் அடங்கிவிடும். "குடும்பப் புகைப்படங்கள்" 67 பைட் ஆகிவிடுவதால் கடைசி எழுத்து சிதையும். "குடும்பம்" என்று மட்டும் கொடுங்கள். உங்கள் பத்துப் படங்களில் ஒன்றுக்கு வேண்டுமென்றே நீளமான சொல் ஒன்றைக் கொடுத்து, பென்டிரைவ் நகலில் அது முழுதாக வருகிறதா என்று பாருங்கள்.