படியை விட்டு உள்ளே வாங்க

தருமபுரி பக்கம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். இப்போது பயணியாகப் போனாலும் வாய் சும்மா இருப்பதில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

இறங்குகிறவர்களை இறங்க விட்டு ஏறுங்க. வண்டி ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது நம்ம ஊர்ப் பழக்கம். துண்டுக்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. கைக்குழந்தையோடு ஒரு அம்மா வந்து நின்றால் துண்டு எழுந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஏறியதும் உள்ளே போங்க. பாலக்கோடு, பென்னாகரம் வண்டிகளில் காலையில் பள்ளிக்கூடப் பசங்க படியில் தொங்குவார்கள், நடுவில் இடம் காலியாகக் கிடக்கும். திட்டிப் பிரயோஜனமில்லை. முதுகில் புத்தக மூட்டையோடு கூட்டத்துக்குள் நுழைய முடியாமல்தான் பாதிப் பேர் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். உட்கார்ந்திருப்பவர் "தம்பி, பையை இங்க குடு" என்று மடியில் வாங்கிக்கொண்டால் பையன் தானாக உள்ளே வருவான். நான் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதை விட இது நன்றாக வேலை செய்தது.

முதல் நடையில் கண்டக்டர் பையில் சில்லறை இருக்காது. ஐந்நூறு ரூபாயை நீட்டிவிட்டு முறைக்காதீங்க. பாக்கியை டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுத்தால் இரண்டு ஸ்டாப் முன்பே கேளுங்க. இறங்கும்போது படியில் நின்று கேட்டால் வண்டியே உங்களுக்காக நிற்கும். கட்டணம் மாறுகிற அடுத்த ஸ்டேஜுக்குள் அத்தனை பேருக்கும் டிக்கெட் போட்டாக வேண்டும், செக்கிங் ஏறினால் பதில் சொல்வது அவர்தான். சிடுசிடுப்புக்குக் காரணம் அவ்வளவுதான்.

சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது. ஆனாலும் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்க. அந்தப் பணத்தை அரசு, போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ஒருமுறை ஒருவர், "காசு குடுத்தவங்க உக்காரட்டும்" என்று ஒரு பாட்டியை எழுப்பப் பார்த்தார். "அய்யா, உங்களுக்கு டிக்கெட்தான் குடுத்தேன், சீட்டைப் பட்டா போட்டுக் குடுக்கல" என்றேன். பாட்டி உட்பட எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர.

பூக்கூடை, தக்காளிக் கூடை, சீசனில் மாங்காய் மூட்டை எல்லாம் வரத்தான் செய்யும். ஏற்றும் முன் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்க, லக்கேஜ் டிக்கெட் எடுங்க, வாசலை அடைத்து வைக்காதீங்க. ஒகேனக்கலில் மீன் வாங்குகிறவர்கள் கவருக்கு மேல் கவர் போட்டுக் கட்டுங்க. மலைப்பாதையில் வண்டி ஒரு வளைவு திரும்பினால் போதும், மீன் தண்ணீர் இந்தச் சீட்டிலிருந்து எதிர்ச் சீட்டில் இருப்பவர் செருப்புக்குப் போய்விடும். வாந்தி வருகிறவர்கள் ஜன்னலோரம் கேட்டு வாங்குங்க, கையில் கவர் வைத்திருங்க. தலையை வெளியே நீட்டினால் உங்களுக்கும் ஆபத்து, பின் ஜன்னல்காரருக்கும் கஷ்டம்.

திங்கட்கிழமை விடிகாலை பெங்களூரு வண்டியில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் தூங்கிக்கொண்டு போவார்கள். போனைச் சத்தமாக வைக்காதீங்க.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கும் கொஞ்சம். வத்தல்மலை மாதிரிக் குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழி விட வேண்டும். அதுதான் சாலை விதி. லோடோடு ஏற்றத்தில் நின்ற வண்டியைப் பின்னால் உருளாமல் மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். தொப்பூர் கணவாயில் லாரிக்காரர் சின்ன கியரில் ஊர்ந்து இறங்கினால் பின்னாலிருந்து ஹாரன் அடிக்காதீங்க. பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும், அதனால்தான் அந்த நிதானம். அவரை முந்திப் போய் முன்னால் சட்டென்று பிரேக் போடுவது அதைவிடக் கொடுமை.

ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம் உண்டு. எல்லோரும் ஒதுங்கி வழி விட்ட பிறகு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே பறக்கிற பைக் ஓட்டுகிறவர்களுக்கும் அபராதம் போடுகிற அதிகாரத்தை என்னிடம் கொடுத்தால், இந்த வயதிலும் மறுபடி காக்கிச் சட்டை போடத் தயார்.