திருகாணி தெரிகிற மெஷினாகப் பார்த்து வாங்குங்கள்

"எஸ்பிரெசோ மெஷின் வாங்கலாம்னு இருக்கேன் அண்ணே, எது நல்லது?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். காலையில் வீட்டில் எத்தனை பேர் குடிப்பீர்கள்? பால் கலந்தா, கலக்காமலா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கடையில் நிற்கும் மெஷின்களில் பாதி கழிந்துவிடும். மீதியில் எதை எடுப்பது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

நான் கோலாலம்பூர் செந்தூலில் மின்சாதனங்கள் பழுது பார்ப்பவன். முன்பு ரைஸ் குக்கரும் மின்விசிறியும் கிடந்த மேசையில் இப்போது காப்பி மெஷின்கள்தான் அதிகம். அப்பா இங்கே ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். எந்தப் பொருளை வாங்கினாலும் முதலில் திருப்பிப் போட்டு, எங்கே கழற்றுவது என்று பார்ப்பது அவரிடமிருந்து எனக்கு வந்த பழக்கம். காப்பி மெஷினுக்கும் அதையேதான் சொல்கிறேன். மூடியைக் கழற்ற முடியாமல் பிளாஸ்டிக் கொக்கிகளால் அடைத்துவிட்ட மெஷினில் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள ரப்பர் வளையம் போனாலும் முழு மெஷினையும் தூக்கிப்போட வேண்டி வரும். திருகாணி தெரிந்தால், அதற்கு உதிரிப்பாகமும் கிடைத்தால், அது பத்து வருடத்துக்கு மேல் உழைக்கும்.

மெஷின்

தண்ணீரைச் சூடாக்கும் முறையை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். தெர்மோபிளாக் வகையில் தண்ணீர் ஓடும்போதே ஓர் உலோகக் கட்டிக்குள் சூடாகிவிடும். ஓரிரு நிமிடத்தில் தயார். ஒருவர் இருவர் குடித்துவிட்டு எம்ஆர்டி ரயில் பிடிக்க ஓடுகிற வீட்டுக்கு இதுவே போதும். இதற்கு மேல் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

அடுத்தது ஒற்றை பாய்லர். காப்பி இறக்க 90 முதல் 96 டிகிரி சூடு வேண்டும். பாலை நுரைக்கும் நீராவிக்கு 120 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒரே பாய்லர் இரண்டையும் மாறி மாறிச் செய்வதால் நடுவில் காத்திருக்க வேண்டும். இந்த வகையில் ஒன்றை மறக்கக் கூடாது: நீராவி எடுத்து முடித்ததும் தண்ணீரை ஓட விட்டு பாய்லரை மறுபடி நிரப்புங்கள். நிரப்பாமல் அடுத்தடுத்து நீராவி எடுத்தால் உள்ளே தண்ணீர் வற்றி, ஹீட்டர் வெறுமனே காய்ந்து எரிந்துபோகும். விருந்தாளிகள் வந்த தீபாவளிக்கு மறுநாள் இப்படி ஒன்றிரண்டு என் மேசைக்கு வந்துவிடும்.

நான்கைந்து பேர் பால் காப்பி குடிக்கும் வீடு என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (நீராவி பாய்லருக்குள் ஓடும் குழாயில் காப்பித் தண்ணீர் சூடாகும் வகை) அல்லது இரட்டை பாய்லர். காப்பியும் நுரையும் ஒரே நேரத்தில் ஆகும். ஆனால் எடை அதிகம், சூடேற அரை மணி நேரம் ஆகும், காண்டோவின் சின்ன அடுப்படியில் அந்த வெக்கையையும் தாங்க வேண்டும்.

பெட்டியில் "20 பார்" என்று பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எஸ்பிரெசோவுக்குத் தூளின் மேல் வேண்டிய அழுத்தம் 9 பார். பெட்டியில் உள்ள எண், பம்ப் அதிகபட்சம் எவ்வளவு தள்ளும் என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். அதைவிட, தூள் போடுகிற சல்லடைக் கிண்ணமான பாஸ்கெட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஒரே ஒரு பொட்டுத் துளை இருந்தால் அது இரட்டைச் சுவர் பாஸ்கெட். பழைய தூளிலும் நுரை வரவழைக்கும், ருசியை வரவழைக்காது. அடி முழுக்க நுண்துளைகள் உள்ள ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டும் கூடவே வருகிறதா, இல்லையென்றால் அந்த அளவுக்குத் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

அளவு என்றதும் 58 மில்லிமீட்டர் பாஸ்கெட் பற்றிச் சொல்ல வேண்டும். 1948இல் மிலானில் அக்கிலே காஜியாவின் லீவர் மெஷின் உயர் அழுத்தத்தில் காப்பி இறக்கி, மேலே பொன்னிற நுரை கட்டும் எஸ்பிரெசோவைக் கொண்டுவந்தது. 1961இல் ஃபேமா நிறுவனம் லீவருக்குப் பதில் மின் பம்ப் வைத்து ஈ61 என்ற மெஷினை வெளியிட்டது. அந்த வருடம் வந்த சூரிய கிரகணத்தை ஒட்டி வைத்த பெயர். அதன் குரூப் ஹெட், அதாவது போர்ட்டாஃபில்டரை (பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடி) மாட்டுகிற பித்தளைத் தலை, இன்றைக்கும் பல நிறுவனங்களின் வீட்டு மெஷின்களில் கிட்டத்தட்ட அதே வடிவில் இருக்கிறது. அறுபது வருடத்துக்கு முந்தைய வடிவத்துக்கு இன்றும் கேஸ்கெட்டும் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) ஷவர் ஸ்கிரீனும் (தூள் மேல் தண்ணீரைப் பரப்பும் சல்லடை) வாங்க முடிகிறது! என் தொழிலில் இதைவிட மகிழ்ச்சியான விஷயம் வேறில்லை. காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா போன்ற ஒற்றை பாய்லர் மெஷின்களும் 58 அளவுதான். 54, 51 அளவுகளிலும் நல்ல மெஷின்கள் உண்டு. ஆனால் பாஸ்கெட்டோ, தூளை அழுத்தும் டேம்பரோ வாங்கப் போகும்போது 58க்கு இருக்கும் தேர்வு அவற்றுக்கு இருக்காது.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: சர்வீஸ் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்குக்குள்ளேயே நடக்குமா, கேஸ்கெட்டும் பம்பும் கையிருப்பில் உண்டா. பதில் இழுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பழைய மெஷின் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. இணையத்தில் பார்த்து நேரில் போகிறவர்கள் முதலில் அடியில் உள்ள தகட்டைப் படியுங்கள். 220-240 வோல்ட் என்று இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த 120, 100 வோல்ட் மெஷினை நம் சுவரில் நேராகச் சொருகினால் அன்றோடு கதை முடிந்தது. பிறகு உங்கள் கண்முன் ஒரு கிளாஸ் தண்ணீரை ஓட விடச் சொல்லுங்கள். துரு நிறமோ ஊசல் வாடையோ இருந்தால் வேண்டாம். நீராவியை முழுதாகத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், காப்பி இறக்கும்போது போர்ட்டாஃபில்டர் ஓரத்தில் தண்ணீர் கசிகிறதா என்றும் பாருங்கள். ஓரக் கசிவு மட்டும்தான் குறை என்றால் பயப்பட வேண்டாம், கேஸ்கெட் மாற்றினால் சரியாகும். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

கிரைண்டரும் கொட்டையும்

கையில் மூவாயிரம் வெள்ளி இருந்தால் ஆயிரத்துக்கு மேல் கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். தூள் ஒரே சீராக இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த மெஷினும் பக்கவாட்டில் பீய்ச்சும், புளிக்கும். கத்தி சுற்றுகிற மிக்சி வகை உதவாது. இரண்டு பல்வளையங்களுக்கு நடுவே அரைக்கிற பர் கிரைண்டர் வேண்டும், அதிலும் எஸ்பிரெசோவுக்கு நுணுக்கமாகப் படி மாற்றக்கூடியது. பணம் குறைவா? நல்ல கைக்கிரைண்டர் வாங்குங்கள். தைவான், சீனத் தயாரிப்புகளில் நானூறு ஐந்நூறு வெள்ளிக்கே கூர்மையான எஃகு பர்களோடு கிடைக்கின்றன.

தொடங்க ஓர் அளவு: 18 கிராம் தூள், கோப்பையில் 36 கிராம் காப்பி, 25 முதல் 30 வினாடி. சீக்கிரம் இறங்கினால் இன்னும் நைசாக அரையுங்கள், சொட்டுச் சொட்டாக வந்தால் கொஞ்சம் பருமனாக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. செலாயாங்கிலிருந்து ஒரு அக்கா அசையாமல் நின்றுபோன கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்தால் பர் முழுக்கத் தார் மாதிரி கறுப்புப் பிசின். "கடையில வாங்கின கோப்பிக் கொட்டைதான் தம்பி போட்டேன்" என்றார். கோப்பித்தியாம் (சீனக் காப்பிக் கடை) காப்பிக்கான கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள். துணிச் சாக்கில் ஊற்றி வடிகட்டும் கறுப்புக் காப்பியான கோப்பி ஓவுக்கு அந்தக் கரிப்பும் இனிப்பும் அருமையாக இருக்கும். ஆனால் கிரைண்டரில் அது உருகி ஒட்டும், பாஸ்கெட் துளைகளையும் அடைக்கும். சிக்கரி கலந்த நம் ஃபில்டர் காப்பித் தூளும் அப்படித்தான். தண்ணீர் பட்டதும் களியாகி வழியை மூடிவிடும். அதற்குப் பித்தளை ஃபில்டர் இருக்கிறது, அதிலேயே போடுங்கள். மெஷினுக்கு எதுவும் சேர்க்காமல் வறுத்த கொட்டை மட்டும். உள்நாட்டுக் கொட்டைதான் வேண்டும் என்றால் ஜோகூரில் விளையும் லிபெரிக்காவைச் சர்க்கரை சேர்க்காமல் வறுத்து விற்கிறார்கள். பலாப்பழ வாசம் அடிக்கும், பாலோடு நன்றாகச் சேரும்.

நம் ஈரக்காற்றில் கொட்டையைத் திறந்து வைக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை இறுக மூடி வெளியே வையுங்கள், மீதியைச் சின்னப் பொட்டலங்களாக்கி ஃப்ரீசரில். எடுத்ததும் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். இல்லாவிட்டால் கொட்டை மேல் வேர்த்துவிடும்.

தண்ணீர்

கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருவது. சுண்ணாம்பு குறைந்த மென்னீர். உங்கள் கெட்டிலின் அடியைப் பாருங்கள், வெள்ளைப் படிவு இல்லையென்றால் மெஷினுக்குள்ளும் அதிகம் இருக்காது. நமக்குப் பிரச்சினை குளோரினும் வண்டலும். சாதாரண கார்பன் ஃபில்டர் தண்ணீர் போதும். தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் திறக்கிற நாளில் மட்டும் தெளியும்வரை ஓட விட்டுப் பிறகு தொட்டியை நிரப்புங்கள்.

கடை வரிசைகளில் காசு போட்டுப் பிடிக்கிற ஆர்ஓ (ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் முறையில் வடிகட்டிய) தண்ணீர் இன்னும் சுத்தம்தானே என்று கேட்பார்கள். அதில் உப்புச்சத்து ஏறக்குறைய இல்லை. காப்பி சப்பென்று இருக்கும். பெரிய பாய்லர் மெஷின்களில் தண்ணீர் மட்டத்தை அறியும் கம்பி அந்த உப்பை வைத்துத்தான் மின்சாரத்தை உணர்கிறது. அது உணராவிட்டால் பாய்லர் நிரம்பியது தெரியாமல் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும்.

சுத்தம்

என்னிடம் வருகிற மெஷின்களில் நிறைய உண்மையில் பழுதானவை இல்லை, அழுக்கேறியவை. ஊசிப்போன காப்பி எண்ணெயும் காய்ந்த பாலும்தான் வில்லன்கள்.

ஒவ்வொரு கோப்பைக்குப் பிறகும் சக்கையைத் தட்டிவிட்டு, வெறும் தண்ணீரை இரண்டு மூன்று வினாடி ஓட விடுங்கள். நீராவிக் குழாயைப் பாலிலிருந்து எடுத்த அந்த நொடியே ஈரத்துணியால் துடைத்து, ஒரு தடவை நீராவியைச் சீறவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் பால் சுட்டுப்போய் ஒட்டியிருக்கும். டின் பாலை நீராவியில் நுரைக்கவே வேண்டாம், சர்க்கரை கருகி நுனித் துளையை அடைத்துவிடும். டின் பால் காப்பிதான் பிடிக்கும் என்றால் கிளாஸின் அடியில் ஊற்றி அதன் மேல் எஸ்பிரெசோவை இறக்குங்கள். நானும் அப்படித்தான் குடிக்கிறேன்.

பேக்ஃப்ளஷ், அதாவது தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளி குரூப் ஹெட்டின் உள்பக்கத்தைக் கழுவுவது, எல்லா மெஷினுக்கும் கிடையாது. காப்பி இறங்கி நிறுத்தியதும் "புஸ்" என்று அழுத்தம் கீழ்த்தட்டில் வடிகிறதா? அப்படியானால் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு இருக்கிறது, செய்யலாம். வடியாத மெஷினில் செய்யாதீர்கள். முறை இது: துளையில்லாத பாஸ்கெட்டில் அரைத் தேக்கரண்டி எஸ்பிரெசோ மெஷின் கழுவும் பவுடர் போட்டு, பத்து வினாடி ஓட்டிப் பத்து வினாடி நிறுத்துங்கள். இப்படி ஐந்து முறை. பிறகு பவுடர் இல்லாமல் வெறும் தண்ணீரில் ஐந்து முறை. தினம் குடிக்கிற வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். அன்றைக்கே ஷவர் ஸ்கிரீனைக் கழற்றி, பாஸ்கெட்டோடு அதே பவுடர் கரைத்த வெந்நீரில் அரை மணி ஊறப்போடுங்கள். அலுமினியத்தில் செய்த எதையும் அதில் போடாதீர்கள், கறுத்துவிடும்.

கேஸ்கெட் ரப்பர், சூட்டில் நாளாக நாளாகக் கல்லாகும். போர்ட்டாஃபில்டர் வழக்கமான இடத்தைத் தாண்டித் திரும்பினாலோ ஓரத்தில் கசிந்தாலோ மாற்றுங்கள். பழைய வளையத்தின் கனத்தை அளந்து அதே அளவு வாங்க வேண்டும், அரை மில்லிமீட்டர் வித்தியாசமும் தெரியும். சிலிகான் கிடைத்தால் அதையே எடுங்கள்.

உப்புப்படிவு எடுக்க வருடம் ஒன்றிரண்டு தடவை போதும். தெர்மோபிளாக், ஒற்றை பாய்லர் மெஷின்களில் லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து ஓட்டலாம், கேக் சாமான் கடைகளில் கிடைக்கும். பாய்லர் அலுமினியமானால் உள்ளே நிற்க விடாமல் சீக்கிரம் அலசுங்கள். வினிகர் வேண்டாம், வாடை லேசில் போகாது. இரட்டை பாய்லர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் மெஷின்களில் கையேடு சொல்வதைத் தவிர எதுவும் செய்யாதீர்கள். பெயர்ந்த படிவு மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும்.

கடைசியாக நம் ஊருக்கே உரிய இரண்டு. மாலை இடி இடிக்கும்போது சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். இடியில் போன மின்பலகையின் விலை பல நேரம் புது மெஷினில் பாதி. மற்றது கரப்பான். வெதுவெதுப்பும் ஈரமும் இனிப்பும் ஒரே இடத்தில் கிடைப்பதால் மெஷினுக்குள் குடியேறி மின்பலகை மேல் முட்டை வைக்கும். இரவு படுக்கும் முன் கீழ்த்தட்டையும் சக்கைப் பெட்டியையும் காலி செய்து கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் மெஷினை வைக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது ஆகி எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும், மெஷினை ஆறவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தூக்குங்கள். போர்ட்டாஃபில்டரையும் பாஸ்கெட்டையும் மறக்காமல் கூடவே எடுத்துப் போங்கள். அவை இல்லாமல் அழுத்தத்தைச் சோதிக்க முடியாது.