பைக்கில் கூடுதல் லைட், ஹாரன் போடும்போது ஃபியூஸில் நடக்கும் தவறுகள்

ஃபாக் லைட் எரிகிறது, மொபைலும் சார்ஜ் ஏறுகிறது. சரி, வேலை முடிந்தது என்று சீட்டை மூடிவிடுகிறோம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து கிளம்பும் அந்தப் புது வயரில் ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது. கழற்றி மாட்ட வசதியாக இருக்கும் என்று ஃபியூஸை லைட்டுக்குப் பக்கத்தில், ஹேண்டிலை ஒட்டி வைத்துவிடுகிறார்கள். ஆனால் ஃபியூஸ் முதலில் காப்பாற்ற வேண்டியது வயரை. டேங்குக்கு அடியில் போகும் வயர், ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் கழுத்துப் பகுதியில் உரசுகிறது. தோல் உரிந்து செம்பு, பேட்டரி நெகட்டிவோடு இணைந்த ஃபிரேமில் பட்டால் கரண்ட் அங்கேயே இறங்கிவிடும். அதற்கு அப்பால் இருக்கும் ஃபியூஸ் வழியாக அது போகாது. பைக் பேட்டரி சின்னதுதான், ஆனாலும் ஷார்ட் ஆனால் 100 ஆம்பியருக்கு மேல் தள்ளக்கூடியது. மெல்லிய வயர் சில நொடிகளில் பழுத்துவிடும், அதற்கு மேலே பெட்ரோல் டேங்க். அதனால் பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். நெகட்டிவ் வயரில் ஃபியூஸ் போட்டாலும் இதே கதிதான். கரண்ட் ஃபிரேம் வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும்.

அடுத்தது அளவு. வாட்டை 12-ஆல் வகுங்கள். இரண்டு 30 வாட் லைட் என்றால் 5 ஆம்பியர். கால் பங்கு கூட்டினால் 6.25, ஆக 7.5 ஆம்பியர் பிரவுன் ஃபியூஸ் போதும். வயர் தாங்கும் அளவு ஃபியூஸைவிட அதிகமாக இருக்க வேண்டும். லைட், ஹாரன், சார்ஜர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே 15 ஆம்பியர் ஃபியூஸ் போடுவதை அடிக்கடி பார்க்கிறேன். சார்ஜரின் நூல் போன்ற வயர் அந்த 15 வருவதற்குள் உருகிவிடும். 18 வாட் சார்ஜருக்குத் தனியாக 3 ஆம்பியர் போடுங்கள்.

ஃபியூஸ் போனால் பெரிய நம்பர் மாட்டுவதும், ஃபாயில் பேப்பர் சுற்றுவதும் ஆபத்து. என் பைக்கில் மழை பெய்தால் மட்டும் ஃபியூஸ் போகும். மூன்றாவதும் போன பிறகு டேங்கைக் கழற்றிப் பார்த்தேன். கேபிள் டையை இறுக்கிய இடத்தில் வயர் நசுங்கி, நகக்கண் அளவுக்குச் செம்பு பளபளத்தது. பெரிய ஃபியூஸ் போட்டிருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்காது. இன்னொன்று, 10 ஆம்பியர் ஃபியூஸில் 13 ஓடினால் உடனே போகாது, சில நிமிடம்கூடத் தாங்கும். அதனால்தான் வயரைக் கொஞ்சம் தடிமனாகவே எடுக்கச் சொல்கிறேன்.

ரிலே (சின்ன ஸ்விட்ச் கரண்டால் பெரிய லோடை ஆன் செய்யும் பெட்டி) வைத்தால், பேட்டரியிலிருந்து அதில் 30 என்று நம்பர் போட்ட பின்னுக்கு வரும் வயரில் ஃபியூஸ் இருக்க வேண்டும். கண்ணாடி ஃபியூஸ் வேண்டாம், அதிர்வில் தளரும். ரப்பர் மூடி உள்ள பிளேடு ஃபியூஸ் (இரண்டு தட்டைக் கால் உள்ள பிளாஸ்டிக் ஃபியூஸ்) ஹோல்டர் நல்லது. ஹெட்லைட் வயரை உரித்து லைன் எடுக்காதீர்கள். கூடுதல் லோடில் ஹெட்லைட் ஃபியூஸ் போனால் இருட்டு ரோட்டில் ஹெட்லைட்டும் அணைந்துவிடும்.

எல்லாம் மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, எந்த வயரும் இழுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டூல் கிட்டில் அதே நம்பர் ஃபியூஸ் இரண்டைப் போட்டு வையுங்கள்.