பயிர் நோய், பூச்சி ஆய்வுக் கூட்டத்துக்குப் போகும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியத் தாவர நோயியல் சங்கம் 1947-இல் தொடங்கப்பட்டது. தலைமையகம் தில்லியில் இருந்தாலும், முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் பலர் முதன்முதலாக மேடை ஏறுவது அதன் மண்டலக் கூட்டங்களில்தான். தென் மண்டலக் கூட்டம் என்றால் தென்னை, நெல், வாழை, மிளகு என்று நமக்குப் பழக்கமான பயிர்களைப் பற்றியே பேச்சு இருக்கும். கேட்பவர்களில் பாதிப் பேர் அந்த நோயை வயலில் நேரில் பார்த்தவர்களாக இருப்பார்கள்.

அதனால் குரல் நடுங்குவதும் ஸ்லைடு மாறிப்போவதும் பெரிய விஷயமே இல்லை. அவற்றை யாரும் மறுநாள் வரை நினைவில் வைத்திருப்பதில்லை. நான் கவலைப்படுவது வேறொரு வகைத் தவறுகளைப் பற்றி. அவை மேடைக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே வயலிலும் ஆய்வகத்திலும் நடந்து முடிந்துவிடுகின்றன. அரங்கில் யாரும் கேட்காமல் விட்டால் ஆய்வுச் சுருக்கத் தொகுப்பில் அச்சாகி, அங்கிருந்து பரிந்துரையாக மாறி, கடைசியில் ஒரு விவசாயியின் கைத்தெளிப்பானுக்குள் போய்ச் சேர்கின்றன.

கண்ணில் பட்டதையே காரணம் என்று சொல்வது

தென்னை ஓலையின் மேல்புறம் கரி பூசினாற்போல் இருக்கும் படத்தைப் போட்டு, 'புதிய இலைக்கருகல்' என்று தலைப்புக் கொடுக்கும் போஸ்டர்கள் வருவதுண்டு. ஈரத் துணியால் ஓலையை ஒரு முறை துடைத்துப் பார்த்திருந்தால் போதும். கருப்பு கையோடு வந்துவிடும். அடியில் பச்சை ஓலை அப்படியே இருக்கும். அது கரும்பூசணம். ஓலைத் திசுவுக்குள் அது நுழைவதில்லை. மேலே படிந்திருக்கும் இனிப்புக் கசிவைத் தின்று வளர்கிறது. அந்தக் கசிவு எங்கிருந்து வந்தது என்று தெரிய, நிமிர்ந்து மேலடுக்கு ஓலையின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே வெள்ளை மெழுகில் சுருள் சுருளாக முட்டை வைத்திருக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது.

காரணத்தை மாற்றிச் சொன்னால் மருந்தும் மாறிவிடும். கருப்பைப் பார்த்துப் பூசணக்கொல்லி அடித்தால் பணம் வீண். ஈயைப் பார்த்த பதற்றத்தில் கடும் பூச்சிக்கொல்லி அடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அந்த ஈயைக் கட்டுக்குள் வைக்கும் என்கார்சியா குளவியும் சேர்ந்து செத்துவிடும். மைதாக் கரைசல் தெளித்தால் கரும்படலம் காய்ந்து உதிரும், குளவியும் பிழைக்கும். உங்கள் போஸ்டரில் ஈயின் கூடுகளை எண்ணிய கணக்கும், அவற்றில் எத்தனையில் குளவி வெளியேறிய உருண்டைத் துளை இருந்தது என்ற கணக்கும் இருந்தால், அதை வைத்து ஒரு தோப்புக்காரர் முடிவெடுக்க முடியும்.

நுண்ணுயிரியே இல்லாத இடத்தில் நுண்ணுயிரியைத் தேடுவது இன்னொரு பழைய தவறு. இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதியில் நெற்பயிர் துருநிறமாகிக் குட்டையாக நின்ற கைரா நோய்க்குக் காரணம் துத்தநாகக் குறைவு என்று பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியலாளர் ஒய்.எல். நேனே 1966-இல் காட்டினார். துத்தநாக சல்பேட்டைச் சுண்ணாம்போடு கலந்து தெளித்ததும் பயிர் தேறியது. மண், இலைப் பகுப்பாய்வு எதுவும் இல்லாமல் 'மஞ்சளாகிறது, எனவே வைரஸ்' என்று எழுதுபவர்கள் இந்த வரலாற்றை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

கூட இருப்பதெல்லாம் குற்றவாளி அல்ல

அழுகும் வேரைக் கழுவி ஆய்வக வளர்ப்பு ஊடகத்தில் வைத்தால் பியூசேரியம் பூசணம் வளரத்தான் செய்யும். செத்த திசுவில் குடியேறுவது அதற்கு இயல்பு. 'பிரித்தெடுத்தோம், ஆகவே அதுவே காரணி' என்று நிறுத்திவிடக் கூடாது. அந்தத் தூய வளர்ப்பை நல்ல செடியில் செலுத்தி, அதே அறிகுறி வந்து, அதிலிருந்து அதே உயிரியை மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும். கோக்கின் விதிகள் என்ற இந்தப் படிகள் பாடத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆய்வுச் சுருக்கத்தில்தான் அவை காணாமல் போகின்றன.

கேரளத்துத் தென்னை வேர் வாடல் நோயின் கதை இதற்குச் சரியான சாட்சி. 1882 வெள்ளத்துக்குப் பிறகு ஈராட்டுப்பேட்டைப் பக்கம் கவனிக்கப்பட்ட நோய் அது. பூசணம், பாக்டீரியா, நூற்புழு, வைரஸ், மண்ணின் சத்துக் குறைவு என்று தலைமுறை தலைமுறையாக ஒவ்வொன்றும் குற்றம் சாட்டப்பட்டது. 1983-இல் மின்னணு நுண்ணோக்கியில் மரத்தின் உணவுக்குழாய்த் திசுவில் செல்சுவர் இல்லாத நுண்ணுயிரியான பைட்டோபிளாஸ்மா தெரிந்த பிறகே திசை தெளிவானது. அதைப் பரப்புவது கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் என்பது பின்னால் தெளிவானது. பைட்டோபிளாஸ்மாவை ஊடகத்தில் வழக்கம்போல் வளர்த்துக் காட்ட முடியாது. அப்படிப்பட்ட நோய்களுக்குப் பூச்சி வழியாகக் கடத்திக் காட்டுவது, ஒட்டுக்கட்டிக் காட்டுவது, மூலக்கூறு சோதனை என்று வேறு சான்று தர வேண்டும். எந்தச் சான்று உங்களிடம் இருக்கிறது, எது இல்லை என்பதை நீங்களே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்ன ஆய்வை நடுவர்கள் குறைத்து மதிப்பதில்லை.

இதோடு பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்ளும். வேர் வாடலும் தஞ்சாவூர் வாடலும் ஒன்றல்ல. தஞ்சாவூர் வாடல் கேனோடெர்மா பூசணத்தால் வருவது. அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடியும், முற்றிய நிலையில் அடியில் காளான் தட்டுப்போல் முளைக்கும். வேர் வாடலில் ஓலையின் கீற்றுகள் துவண்டு உள்நோக்கி வளையும். தஞ்சாவூர் வாடலுக்கு ஹெக்சகோனசோல் பூசணக்கொல்லியை வேர் வழியாகக் கொடுப்பது பரிந்துரையில் உண்டு. வேர் வாடலைக் குணப்படுத்த மருந்து கிடையாது. 'தென்னை வாடல்' என்று மட்டும் தலைப்பு வைத்தால், கேட்பவர் எந்த மரத்தை நினைத்துக்கொள்வார்?

எண்கள்

அதிகம் சறுக்குவது இங்கேதான். நோய் கண்ட செடிகள் எத்தனை என்பது ஒன்று. கண்ட செடியில் எவ்வளவு தீவிரம் என்பது வேறொன்று. இரண்டையும் 'நோய்த் தாக்குதல் சதவீதம்' என்ற ஒரே பெயரில் எழுதக் கூடாது. நெல் குலை நோய்க்கு 0 முதல் 9 வரையிலான அளவுகோலில் மதிப்பெண் போட்டு, மொத்த மதிப்பெண்ணை (இலைகளின் எண்ணிக்கை × 9) ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குவது வழக்கம். ஒரு பாத்தியில் பத்து இலைகளும் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 50/90, அதாவது 55.6. இன்னொரு பாத்தியில் ஐந்து இலை 1, ஐந்து இலை 9: அதுவும் 55.6. முதல் பாத்தியில் நோய் சீராகப் பரவியிருக்கிறது. இரண்டாவதில் பாதி இலை கருகிவிட்டது, பாதி தப்பியிருக்கிறது. சராசரி எண்ணை மட்டும் காட்டினால் இந்த வேறுபாடு அட்டவணைக்குள் மறைந்துபோகும். அளவுகோல் எது, எத்தனை இலை, நட்ட எத்தனையாவது நாள், மதிப்பெண் போட்டவர் ஒருவரா பலரா என்பதெல்லாம் ஸ்லைடில் இருக்க வேண்டும்.

'75 சதவீதம் கட்டுப்பட்டது' என்பதும் அப்படித்தான். மருந்தடிக்காத பாத்தியிலேயே நோய் 4 சதவீதம்தான் என்றால் மீதியான 1 சதவீதத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. நோய் வராத பருவத்தில் எல்லா மருந்தும் நல்ல மருந்தாகத்தான் தெரியும். குலை நோய்ச் சோதனை என்றால் இரவுக் குளிரும் பனியும் உள்ள பருவத்தில் வையுங்கள். கோ 39 போல எளிதில் தாக்கப்படும் ரகத்தைச் சுற்றிலும் நட்டு, நோய் உண்மையிலேயே வந்தது என்று காட்டுங்கள்.

ஆய்வகத்துப் பெட்ரி தட்டில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணம் நோய்ப் பூசணத்தை இத்தனை சதவீதம் தடுத்தது என்பதோடு முடித்து, 'எனவே விவசாயிகளுக்குப் பரிந்துரைக்கலாம்' என்று எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். தட்டில் வெயில் இல்லை, போட்டி போடும் ஆயிரம் மண்ணுயிரிகள் இல்லை, ஈரம் குறைவதும் இல்லை. தட்டுச் சோதனை ஒரு வடிகட்டிதான். தொட்டிச் செடியும் வயலும் பின்னால் வர வேண்டும்.

பெயர் வைப்பதில் அவசரம்

ஐ.டி.எஸ். என்ற ஒரே மரபணுப் பகுதியை வரிசைப்படுத்தி, தரவுத்தளத்தில் 100 சதவீதம் பொருந்தியது என்று இனப்பெயர் சூட்டிவிடுகிறார்கள். மா, மிளகாயில் ஆந்த்ராக்னோஸ் நோயைத் தரும் கொலெட்டோட்ரைக்கம் பூசணக் கூட்டத்தில் அது போதாது. நெருங்கிய இனங்கள் அந்தப் பகுதியில் ஒன்றுபோலவே தெரியும். இன்னும் சில மரபணுக்களையும் பார்க்க வேண்டும், அல்லது 'இன்ன இனக்கூட்டம்' என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். வளர்ப்பை அங்கீகரிக்கப்பட்ட சேமிப்பகத்தில் ஒப்படைத்து எண் வாங்கிவிட்டால், பிறகு வருபவர் சரிபார்க்க முடியும்.

பூச்சிகளில் சரியான பெயரின் மதிப்பு நேரடியாகவே தெரியும். 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையாக மூடிய பூச்சியை வெறும் 'மாவுப்பூச்சி' என்று விட்டிருந்தால் பருத்தி மாவுப்பூச்சிக்கான வழிகளையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். அது பப்பாளி மாவுப்பூச்சியான பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று உறுதியானதால்தான் அதற்கே உரிய ஒட்டுண்ணியான அசெரோபேகஸ் குளவியை 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட முடிந்தது. தோட்டங்கள் மீண்டன. எனவே 'இந்தியாவில் முதல் பதிவு' என்று மேடையில் அறிவிக்கும் ஆசை வரும்போது, முதலில் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் போன்ற இடத்தில் அடையாளத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஸ்லைடுகளைப் பற்றி ஒன்றிரண்டு: நோய்ப் படத்தில் அளவுகோல் வேண்டும், நல்ல இலையும் பக்கத்தில் வேண்டும். முப்பது எண்கள் உள்ள அட்டவணையைக் கடைசி வரிசையில் இருப்பவர் படிக்க முடியாது.

கடைசியாக, நோயுள்ள இலையையோ உயிருள்ள பூச்சியையோ பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். 1914-இலேயே நாசப் பூச்சிகள் சட்டம் வந்த நாடு இது. ஒரு மாவட்டத்து வெள்ளை ஈயை அடுத்த மாநிலத்துக் கல்லூரி வளாகத்தில் இறக்கிவிட நீங்கள் காரணமாகக் கூடாது. இலையைப் பழைய செய்தித்தாள் மடிப்பில் அழுத்தி நன்றாகக் காயவைத்து, உறையில் ஒட்டி மூடி எடுத்துவாருங்கள். பூச்சியை 70 சதவீத ஆல்கஹால் குப்பியில் போடுங்கள். இடம், தேதி, பயிர், ரகம், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே வையுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.