கம்பைலர் ஃபோல்டர்ல எழுத விடலையா? லைப்ரரி போடுறப்ப நம்ம பசங்க பண்ற தப்புங்க

கொடைக்கானல்ல சூரியன பாக்குற அப்சர்வேட்டரி 1899லேர்ந்து இருக்கு, சூரியன் மேல கருப்பா தெரியுற சூரியப் புள்ளியில வாயு வெளிப்பக்கமா ஓடுறத ஜான் எவர்ஷெட்ங்கிற விஞ்ஞானி 1909ல இங்க உக்காந்துதான் கண்டுபிடிச்சாரு, அதனாலயோ என்னவோ ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வந்தா எங்க ஊர்ல சூரியப் புள்ளிய எண்ணுறேன்னு ஒரு பையனாவது கிளம்பிடுவான். படம் ஃபிட்ஸ் ஃபைலா கெடைக்கும், வானியல்காரங்க படம் சேத்து வைக்கிற ஃபார்மட் அது. அத சி ப்ரோக்ராம்ல படிக்க சிஃபிட்சியோன்னு ஒரு லைப்ரரி, அதாவது ரெடிமேட் கோட் தொகுப்பு, வேணும். லேப் லினக்ஸ் மெஷின்ல அது இருக்காது, அட்மின் பாஸ்வேர்ட் வச்சிருக்கவரு வத்தலக்குண்டுக்கு எறங்கிட்டாருன்னா அன்னிக்கு மலை ஏறி வர மாட்டாரு.

அப்ப பையன் என்ன பண்ணுவான், நெட்ல பாத்தபடி கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்னு லைப்ரரிய கட்டி உள்ள போடுற கமாண்ட அடிப்பான், கடைசில பர்மிஷன் டினைட்னு வந்து நிக்கும். எங்க போடணும்னு நீங்க சொல்லலன்னா பெரும்பாலான லைப்ரரி யூஎஸ்ஆர் லோக்கலுக்குத்தான் போகும், அது கம்பைலர் தானா தேடுற, மெஷினுக்கே பொதுவான ஃபோல்டர், உங்க எடம் இல்ல. இதுக்கு அட்மினா கமாண்ட் ஓட்டுற சூடோ பாஸ்வேர்ட் யாருக்கு தெரியும்னு லேப் பூரா கேட்டு அலையுறது, யாரோ அட்மினா உள்ள இருக்கப்ப ஃபோல்டருக்கு 777 போட்டு, அதாவது யார் வேணா எழுதலாம்னு தொறந்து, விடச் சொல்றது, ரெண்டும் வேண்டாம். லைப்ரரி கம்பைலர் ஃபோல்டர்லதான் இருக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. உங்க ஹோம்லயே லோக்கல்னு ஒரு ஃபோல்டர் போட்டு, கான்ஃபிகர் பண்றப்பவே ப்ரிஃபிக்ஸ்ல அந்தப் பாதைய குடுத்துட்டா போதும், கான்ஃபிகருக்கு பதிலா சிமேக்ல கட்டுற லைப்ரரின்னா அங்க இதுக்கே இன்ஸ்டால் ப்ரிஃபிக்ஸ்னு ஒண்ணு இருக்கு.

இந்த எடத்துலதான் அந்த நெளி கோடு விளையாடும், ஹோம் ஃபோல்டருக்கு பதிலா போடுவோமே டில்டா (~), அது. டெர்மினல்ல நாம அடிக்கிற கமாண்ட வாங்குற பாஷ்ல, பொதுவா அது வார்த்தையோட மொத எழுத்தா இருந்தாத்தான் ஹோம்னு விரியும். ஹைஃபன் ஹைஃபன் ப்ரிஃபிக்ஸ் ஈக்வல் டூன்னு போட்டு பின்னாடி ஒட்டினா விரியாது, கான்ஃபிகர் முழுப் பாதை குடுன்னு திட்டிட்டு நின்னுடும். திட்டினா கூட பரவால்ல. ஜிசிசிங்கிற கம்பைலருக்கு ஹைஃபன் பெரிய ஐ போட்டு ஒட்டுனாப்ல டில்டா வச்சீங்கன்னா அது வாயே தொறக்காது, இல்லாத ஃபோல்டர்னு தானா ஒதுக்கிட்டு ஹெடர (லைப்ரரியில என்னென்ன இருக்குன்னு சொல்ற ஃபைல்) காணோம்னு மட்டும் சொல்லும், நான் இதுல ஒரு சாயங்காலம் முழுசா தொலைச்சிருக்கேன். ஹைஃபன் வி போட்டு ஓட்டிப் பாத்தாத்தான் எந்த ஃபோல்டர கழிச்சுச்சுன்னு தெரியும். டாலர் ஹோம்னே எழுதிப் பழகுங்க.

சரி, லைப்ரரி வீட்டுக்குள்ள வந்தாச்சு. இனிமேதான் பெரிய தப்பே. பெரியப்பா வீட்டுக்கு பத்திரிகை வச்சா சித்தப்பாவுக்கும் வச்ச மாதிரி ஆகுமா? இங்க மூணு வீடு, மூணுத்துக்கும் தனித்தனியா போய் சொல்லணும். கம்பைலருக்கு ஹெடர் எங்கன்னு பெரிய ஐ, ப்ரோக்ராமையும் லைப்ரரியையும் ஒட்டுற லிங்கருக்கு லைப்ரரி எங்கன்னு பெரிய எல், ப்ரோக்ராம் ஓடுறப்ப அத மெமரில ஏத்துற லோடருக்கு மறுபடி லைப்ரரி எங்கன்னு. ஹெடர மட்டும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள காப்பி பண்ணி போட்டுட்டு, எர்ரர் மாறிடுச்சுண்ணே, இப்ப அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்னு வருதுண்ணேன்னு ஓடி வருவானுங்க. மொத வீட்டுக்கு பத்திரிகை போயிடுச்சுப்பா, ரெண்டாவது வீட்டுக்கு இன்னும் போகல, அவ்ளோதான்.

லிங்கர்ட்ட பேரும் சரியா சொல்லணும். ஹெடர் பேரு ஃபிட்சியோ, ஆனா லைப்ரரி பேரு சிஃபிட்சியோ, முன்னாடி ஒரு சி உண்டு. சின்ன எல்லுக்கு பின்னாடி ஹெடர் பேர போட்டுட்டு கெடைக்கலன்னு பொலம்புறவங்க ஜாஸ்தி. ஃபைல் பேர்ல இருக்க லிப்ங்கிறதையும் வால்ல இருக்க எஸ்ஓவையும் விட்டுட்டு நடுவுல இருக்கறத மட்டும் எழுதணும். அதோட வரிசையும் இருக்கு, உங்க சி ஃபைல் முன்னாடி, லைப்ரரி பின்னாடி. மாத்திப் போட்டா ஒரு மெஷின்ல ஓடும், இன்னொண்ணுல ஓடாது, பேய் புடிச்ச மாதிரி இருக்கும்.

மூணாவது வீடு லோடர். கம்பைல் க்ளீனா முடிஞ்சு, ஓட்டினா ஷேர்ட் ஆப்ஜெக்ட் ஃபைல, அதாவது அந்த லைப்ரரி ஃபைல, தொறக்க முடியலன்னு வரும். எல்லாரும் லோடர் தேட வேண்டிய ஃபோல்டர சொல்ற எல்டி லைப்ரரி பாத் செட் பண்ணுன்னுதான் சொல்வாங்க, அத ஒரு டெர்மினல்ல செட் பண்ணிட்டு இன்னொரு டெர்மினல்ல ஓட்டிட்டு ஏன் வரலன்னு கேக்குறது, முன்னாடி அதுல இருந்தத அழிச்சு எழுதிடுறது, எல்டி இல்லாம வெறும் லைப்ரரி பாத்தோட கொழப்பிக்கிறது, எல்லாம் நடக்கும். எல்டி இல்லாதது லிங்க் பண்றப்ப ஜிசிசி பாக்குறது, லோடர் அத சீண்டாது. டெர்மினல் தொறக்குறப்பல்லாம் ஓடுற பாஷ் ஆர்சி ஃபைல்ல எல்டி லைப்ரரி பாத்த நிரந்தரமா போட்டா எந்த டெர்மினல்ல ஓடுற மத்த ப்ரோக்ராமும் மொதல்ல உங்க ஃபோல்டரத்தான் தேடும், அங்க பழைய லைப்ரரி ஏதாவது கெடந்தா சம்பந்தமே இல்லாத ஒண்ணு விழும். என்ன கேட்டா லிங்க் பண்றப்பவே ஆர்பாத் குடுத்துடுங்க, பாதை ப்ரோக்ராமுக்குள்ளயே பதிஞ்சுடும். அப்பறமா லோக்கல் ஃபோல்டர பேர் மாத்துறது, பென்டிரைவ்க்கு நகத்துறதுன்னு போகாதீங்க, பதிஞ்சது பழைய பாதை.

மழைக் காலத்துல மேக் பாதி ஓடுறப்ப மரம் விழுந்து கரண்ட் போறது இங்க சகஜம். வந்ததும் திரும்ப மேக் அடிச்சா விட்ட எடத்துலேர்ந்து போகும், ஆனா பாதி எழுதின ஃபைல முடிஞ்சதுன்னு அது நம்பிடலாம், வினோதமான எர்ரர் வந்தா மேக் க்ளீன் அடிச்சுட்டு மொதல்லேர்ந்து ஓட்டுங்க. எல்லாம் முடிஞ்சதும் ப்ரோக்ராம் எந்த லைப்ரரிய எங்கேர்ந்து எடுக்குதுன்னு காட்டுற எல்டிடி போட்டு ப்ரோக்ராம பாருங்க, சிஃபிட்சியோவுக்கு நேரா உங்க ஹோம் பாதை தெரிஞ்சா சரி, நாட் ஃபவுண்ட்னு இருந்தா மூணாவது வீட்டுக்கு இன்னும் பத்திரிகை போகல.