பாசிசத்தை அடையாளம் காண்பது எப்படி? இத்தாலியை வைத்து ஒரு பயிற்சி

கறாரான வாத்தியார், அடிக்கடி வாடகையை ஏற்றும் ஹவுஸ் ஓனர், பிடிக்காத கட்சிக்காரர் என்று எல்லோரையும் 'பாசிஸ்ட்' என்று திட்டிவிடுகிறோம். உண்மையில் அது யார்? ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரைத் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட முசோலினியின் இயக்கத்தை வைத்துப் பழகுவோம்.

படி 1: சட்டையையும் பெயரையும் தள்ளிவையுங்கள்

முசோலினியின் ஆட்கள் கருஞ்சட்டை போட்டார்கள். நம்மூரில் கருஞ்சட்டை என்றால் பெரியார் தொண்டர்கள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாசிசம் என்ற பெயர் 'ஃபாஷியோ'விலிருந்து வந்தது; இத்தாலிய மொழியில் அதற்குக் கட்டு, கத்தை என்று பொருள். 1890களில் சிசிலியின் ஏழை விவசாயிகளும் தங்கள் சங்கங்களுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

பேச்சை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: தேசம் சீரழிந்துவிட்டது, பழைய ரோமப் பெருமையை மீட்க வேண்டும், அதற்கு ஒரே தலைவர், குறுக்கே நிற்பவன் துரோகி.

படி 2: அடி வாங்குவது யார்? போலீஸ் என்ன செய்கிறது?

மற்ற படிகளை மறந்தாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

வட இத்தாலியின் 'போ' ஆற்றுச் சமவெளியில் பண்ணைக் கூலிகள் சங்கம் சேர்ந்து, கூலியை உயர்த்தி வாங்கியிருந்தார்கள். பண்ணையார்களுக்கு ஆத்திரம். 1920 கடைசியிலிருந்து அவர்கள் காசு கொடுக்க, கருஞ்சட்டைகள் லாரியில் வந்து இறங்கின. சங்கக் கட்டடத்துக்குத் தீ வைப்பார்கள். அப்புறம் சங்கத்துக்காரரைப் பிடித்து, வாயைத் திறக்கவைத்து விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். பேதிக்கு ஒரு கரண்டி குடித்தாலே என்ன பாடு என்று நமக்குத் தெரியும். அவர்கள் ஊற்றியது அதைப் போலப் பல மடங்கு. ஊர் பார்க்க உடுத்திய துணியிலேயே போய்விடும். செத்தவர்களும் உண்டு. பிழைத்தவர் மறுநாள் எந்த முகத்தோடு மேடையேறிப் பேசுவார்? அதுதான் அவர்கள் கணக்கு.

போலீஸ் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தது. சில இடங்களில் ஆயுதமும் வண்டியும்கூடக் கொடுத்து உதவியது.

கட்சிக்கென்று அடியாள் படை, அது குறிவைப்பது சங்கம் சேர்ந்த எளியவர்களை, அரசு கண்டுகொள்வதில்லை. மூன்றும் சேர்ந்திருந்தால் சிவப்பு மையில் அடிக்கோடு போடுங்கள்.

படி 3: கதவைத் திறந்துவிட்டது யார்?

1921 தேர்தலில் பிரதமர் ஜொலிட்டி, இவர்களை அடக்கி வேலை வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பித் தன் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். பாசிஸ்டுகளுக்குக் கிடைத்தது 35 இடம். 1922 அக்டோபர் 28 அன்று கருஞ்சட்டைகள் ரோமை நோக்கிக் கிளம்பியபோது, ராணுவத்தை இறக்கும் ஆணையில் மன்னர் கையெழுத்துப் போடவில்லை. ஆட்சியமைக்க அழைப்பு போனது. மிலானில் காத்திருந்த முசோலினி ராத்திரி ரயிலேறி வந்து பதவியேற்றார். 'ரோமைப் பிடித்தோம்' என்பதெல்லாம் பிறகு கட்டிய கதை.

படி 4: வந்தபின் விதிகளை என்ன செய்கிறார்கள்?

1923இல் ஒரு சட்டம்: கால்வாசி ஓட்டோடு முதலிடம் வந்தாலே மூன்றில் இரண்டு பங்கு இடங்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் நடந்த அடாவடியை மே 30 அன்று நாடாளுமன்றத்தில் அடுக்கினார் சோஷலிஸ்ட் உறுப்பினர் மத்தேயொத்தி. ஜூன் 10 அன்று அவரைக் காரில் கடத்தினார்கள். ஆகஸ்டில்தான் உடல் கிடைத்தது. 1926இல் மற்ற கட்சிகள் அனைத்துக்கும் தடை.

படி 5: பாசிச எதிர்ப்பு என்றால் என்ன?

தனியாக ஒரு கட்சி இல்லை. மேலே சொன்ன ஒவ்வொரு படியிலும் நடப்பதை நடக்கவிடாமல் மறிப்பதுதான். 1922 ஆகஸ்டில் பார்மா நகரின் தொழிலாளர் குடியிருப்பை ஆயிரக்கணக்கான கருஞ்சட்டைகள் சூழ்ந்தன. சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட், கத்தோலிக்கர் என்ற பேதம் பார்க்காமல் ஜனங்கள் தெருக்கல்லைப் பெயர்த்துத் தடுப்பு கட்டினார்கள். சில நாளில் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

வேறு மாதிரியும் உண்டு. 1931இல் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்றார்கள். சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டஜன் பேர். அவர்களுக்கு வேலை போனது.